இயலாமைக்கு ஓர் அத்தாட்சி

பிறர்பொருட்டு மனு எழுதுதல் முப்பது ஆண்டுகளாக எனக்குக் கைவந்த தொழில். எல்லை வேலி வழக்கு, பிறப்புப் பதிவிற் பெயர்ப் பிழை, நிலுவைச் சம்பளம், வீட்டுத்திட்ட உதவி என்று பலவாறான குறைகளைச் சுமந்துகொண்டு அயலவர்கள் எங்கள் வீட்டு விறாந்தைக்கு வருவர். அவர்கள் கூறுவதைக் கேட்டு, கூறாது விட்டதை ஊகித்து, இறுதியில் ‘தாங்கள் பெருங்கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்’ என்று முடித்துக் கொடுப்பேன். அங்ஙனம் எழுதிய மனுக்கள் ஆயிரத்துக்குக் குறையா. ஆயினும் சென்ற ஆண்டு என்பொருட்டு ஒரு மனு எழுத வேண்டி நேர்ந்தபொழுது, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று இரவு வாளா இருந்தேன். உடல்நலக் குறைவு காரணமாக ஆசிரிய சேவையினின்றும் இளைப்பாறி ஓய்வூதியம் பெறுதற்கு விண்ணப்பிக்கும் மனு அது.

எனக்கு நேர்ந்தது குரற்கேடு. தடிமன் என்று எண்ணிக் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடித்தேன். இரண்டு கிழமையாகியும் குரல் திரும்பவில்லை. தண்ணீர் குடித்தாற் புரையேறிற்று. வைத்தியர் மூக்கின் வழியே மெல்லிய கருவியொன்றைச் செலுத்திப் பார்த்து, இடப்புறத்துக் குரல் நாண் அசையாது நிற்கின்றது என்றார். அதனை அசைக்கும் நரம்பு செயலிழந்துவிட்டதாம். அந்நரம்பின் வழி வியப்புக்குரியது. அது தலையினின்றும் நேரே தொண்டைக்கு வருவதில்லை. இடப்புறத்து நரம்பு நெஞ்சினுள் இறங்கி, இருதயத்தினின்றும் புறப்படும் பெருநாடியைச் சுற்றிக்கொண்டு, மீண்டும் மேலேறிக் குரல்வளையை அடைகின்றது. ஆதலின் கழுத்தை மட்டுமன்றி நெஞ்சையும் படம் பிடித்துப் பார்த்தனர். அஞ்சத்தக்கது ஒன்றும் இல்லை. ஆனால் காரணமும் புலப்படவில்லை. இத்தகைய கேடு சிலருக்கு ஓராண்டினுள் தானே நீங்கிவிடுவதும் உண்டு என்று ஆறுதல் கூறினர். ஆறு மாதம் கழிந்தது, ஓராண்டும் கழிந்தது. அசையாத நாணை நடுவே தள்ளும் சிகிச்சையும் செய்தனர். அதனால் வீட்டிலே பேசும் அளவுக்குக் குரல் கிடைத்தது. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பின் கடைசி வாங்குக்கு எட்டும் குரல் கிடைக்கவில்லை.

எழுத்துக்களின் பிறப்பைப் பல்லாண்டு கற்பித்தவன் யான். உந்தியினின்றும் எழும் காற்றுத் தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் தங்கி, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றோடும் பொருந்தி எழுத்தொலியாகும் என்று தொல்காப்பியப் பிறப்பியல் கூறுவதை விரல்விட்டு எண்ணி, எட்டு இடம் என்று பிள்ளைகளைச் சொல்லுவிப்பேன். உயிரெழுத்துக்குப் பிறப்பிடம் மிடறு என்பது நன்னூலார் துணிபு. அந்த மிடறு பழுதுபட்டபோதுதான், இலக்கணப் புலவர்கள் ஏட்டைப் பார்த்தன்றித் தம் தொண்டையைத் தொட்டுப் பார்த்தே சூத்திரம் செய்தனர் என்பது எனக்கு விளங்கிற்று.

நிற்க. எனக்கு அப்போது வயது 53. அரச சேவையில் உள்ளார் 55 வயதில் தாம் விரும்பி இளைப்பாறலாம். 60 வயதிற் கட்டாயம் இளைப்பாறல் வேண்டும். இடையிலே 2022இல் அவ்வெல்லையை 65 ஆக உயர்த்தி, அவ்வாண்டின் முடிவிலேயே மீண்டும் 60 ஆகக் குறைத்ததை ஆசிரியர்கள் மறந்திரார். ஆகவே யான் எவருடைய அத்தாட்சியும் இன்றி வெளியேறுதற்கு இன்னும் இரண்டாண்டே இருந்தது. உடன் கற்பிக்கும் நண்பரொருவர் அன்பினாலே புத்தி கூறினார்.

“அண்ணை, ரண்டு வருஷம் எண்டால் கண்ணை மூடித் திறக்கப் போயிடும். பிள்ளையளை வாசிக்க விடுங்கோ. நீங்கள் கரும்பலகையிலை எழுதுங்கோ. ஆர் கேக்கப் போயினம்?”

ஒருவரும் கேட்கமாட்டார் என்பது மெய்யே. அதிபரும் இரக்கமுடையவர். நூலகத்தில் இருக்குமாறும், பரீட்சைத் தாள்களைத் திருத்துமாறும் கூறினார். அவ்வாறே ஒரு தவணை ஓடிற்று. உயர்தர வகுப்பில் ஒரு மாணவி செய்யுளை வாசிக்க, யான் கதிரையில் அமர்ந்து கேட்பேன். ஒருநாள் அவள் சீர் பிரிக்குமிடத்திற் பிரிக்காது, பிரிக்கத் தகாத இடத்திற் பிரித்து வாசித்தாள். பொருள் தலைகீழாயிற்று. கையை உயர்த்தி நிறுத்தினேன். சரியான பிரிப்பைக் கரும்பலகையில் எழுதினேன். அவள் அதனைப் பார்த்துவிட்டு, எழுதியவாறே, ஆனால் முன்னை ஓசையிலேயே மீண்டும் வாசித்தாள். ழகரத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம்; அதன் ஒலியை எழுதிக் காட்டுதல் எங்ஙனம்? வகுப்பு முழுவதும் அவளுடைய பிழையை அமைதியாக ஏற்றுக்கொண்டது. என் வாழ்நாளில் அதுபோல் ஒரு தோல்வியை யான் கண்டதில்லை.

அன்று மாலையில் மற்றோர் உண்மையும் உறைத்தது. பாடசாலையின் ஆளணிக் கணக்கிலே தமிழாசிரியர் இடத்தில் என் பெயர் நிற்குமளவும் அவ்விடத்துக்கு வேறோர் ஆசிரியர் வரமாட்டார். யான் வகுப்பில் இருப்பதாகக் கடதாசி சொல்லும். பிள்ளைகளின் காதோ இல்லையென்று சொல்லும். எனக்கு இரண்டாண்டு கண்ணை மூடித் திறக்கும் காலம். உயர்தரம் கற்கும் பிள்ளைக்கு அதுவே முழுக்கல்வியும்.

மனுவை எழுதுவது என்று துணிந்தேன். துணிந்த பின்னரும் கை ஏன் எழவில்லை? வாழ்நாளெல்லாம் நமது தகுதியைக் காட்டியே உண்டு வந்தோம். பண்டிதர் பரீட்சை, ஆசிரியர் பரீட்சை, தரமுயர்வுப் பரீட்சை என எங்கும் ‘இவர் வல்லவர்’ என்னும் அத்தாட்சியையே நாடினோம். இப்பொழுது ‘இவர் இயலாதவர்’ என்று ஓர் அத்தாட்சியை, நாமே வலிந்து சென்று, பலர் முன்னிலையிற் கேட்டு வாங்க வேண்டியிருக்கின்றது. மனம் கூசுவது இயல்பே. அக்கூச்சத்துக்கு நமது மொழியிலேயும் ஒரு காரணம் உளது.

‘பென்சன்’ என்னும் சொல் இலத்தீன் மொழியில் ‘நிறுத்தல்’ என்னும் பொருளுடைய வினையடியாகப் பிறந்தது. பொன்னையும் வெள்ளியையும் தராசில் நிறுத்துக் கொடுத்த காலத்துச் சொல் அது. கொடுக்கவேண்டியதை நிறுத்துக் கொடுத்தல் என்பதே அதன் கருத்து. ஆனால் நம் முன்னோர் அதனைத் தமிழ்ப்படுத்துங்கால் ‘உபகாரச் சம்பளம்’ என்றனர். உபகாரம் என்றால் கொடுப்போன் விருப்பம். பெறுவோன் கைகட்டி நிற்றல் வேண்டும். பின்னர் ‘இளைப்பாற்றுச் சம்பளம்’ என்ற சொல் வழங்கிற்று. வழிநடந்து களைத்தவன் நிழலில் இருத்தல் என்னும் நயமுடைய சொல் அது. இன்று ‘ஓய்வூதியம்’ என்கின்றோம். ஊதியம் என்பது பழைய நூல்களில் இலாபம் என்னும் பொருளது. உழைத்த முதலுக்கு வந்த பயன் என்று கொண்டால், மூன்றனுள்ளும் இச்சொல்லே உண்மைக்கு அணித்தானது.

சட்டமோ இன்னும் பழைய சொல்லின் நிழலை முற்றாக விடவில்லை. இலங்கையிலே அரச சேவையாளர்க்கான ஓய்வூதியத் திட்டம் 1901ஆம் ஆண்டு முதலாக வழங்கி வருவது. அதனை ஆளுகின்ற ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பின் முதற் பிரிவே, ஓய்வூதியத்தின்மேல் அரச சேவையாளர்க்கு அறுதியான உரிமை இல்லை என்னும் கருத்துடன் தொடங்குகின்றது. குடியேற்ற ஆட்சியின் குரல் அது. சேர்மனியில் 1889இல் தொழிலாளர்க்காகச் செய்த சட்டம் வேறு வழியிற் சென்றது. முதுமைக்கும் இயலாமைக்கும் ஒருசேர அது இடம் வகுத்தது. தொழிலாளியும் முதலாளியும் பணம் கட்ட, அரசும் ஒரு பங்கு சேர்த்தது. முதுமை எய்துமுன்னரே உடல் தளர்வோரும் உளர் என்பதை அது தொடக்கத்திலேயே கண்டுகொண்டது.

நமது ஆசிரியர்களின் கதை தனியானது. உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்பதற்கு 1960, 1961ஆம் ஆண்டுகளிலே சட்டங்கள் எழுந்தன. அதற்கு முன்னர் அத்தகைய பாடசாலைகளிற் கற்பித்த பண்டிதர்கள் முகாமையாளர்களின் முகத்தைப் பார்த்தே காலந்தள்ளினர். இன்று அரச ஆசிரியருக்கு அந்நிலை இல்லை. நிரந்தர சேவையில் 10 ஆண்டு நிறைந்தவர் நோயினால் இயலாதவரானால், 55 வயதை எட்டாதவரேனும், வைத்திய சபையின் முடிபின்மேல் ஓய்வூதியத்துடன் இளைப்பாறலாம். தனியார் துறையில் உழைப்போர்க்கும் 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம், நிரந்தரமாகவும் முற்றாகவும் வேலை செய்ய இயலாதாரெனில், வயது வருமுன்னரே தம் சேமிப்பைப் பெறுதற்கு வழி செய்துளது. சட்டத்தின் வாசகம் எவ்வாறாயினும், முப்பது ஆண்டுக் கற்பித்தலின் பின் யான் கேட்பது பிச்சையன்று. இதனை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்ட பின்னரே பேனா நகர்ந்தது.

நகர்ந்தது மிக விரைவாக நகர்ந்துவிட்டது. நான்கு பக்கம் எழுதிவிட்டேன். தமிழ்த்தாயின் திருவடியிலே தொடங்கி, நரம்பறுந்த யாழ் என்று உவமை கூறி, கண்ணீருடன் முடித்திருந்தேன். வலயக் கல்வி அலுவலகத்தில் அதனை வாசித்த எழுதுவினைஞர் ஒரு பெண்; என்னிடம் படித்தவர். முழுவதும் பொறுமையாக வாசித்துவிட்டு மெல்லக் கேட்டார்.

“சேர், வாசிக்க நல்லாயிருக்கு. ஆனால் இதிலை வருத்தம் எங்கை இருக்கு?”

வெட்கித்துத் திரும்பினேன். அவர் சொல்லித் தந்தவாறு ஒரு பக்கத்தில் எழுதினேன். என் பதவி யாது, நியமனத் திகதி யாது, நோய் யாது, அது தொடங்கியது எப்போது, எந்த வைத்தியர் எத்துணைக் காலம் பார்த்தார், என் கடமையில் எப்பகுதியை என்னாற் செய்ய முடியவில்லை என்பனவே அதில் இருந்தன. கடைசி வினாவே தலையாயது. ‘குரல் போயிற்று’ என்றல் நோய். ‘ஐந்து நிமிடத்துக்கு மேல் உரத்துப் பேச இயலாது, ஒரு பாடவேளை 40 நிமிடம்’ என்றல் இயலாமை. பார்ப்போர்க்கு வேண்டியது இரண்டாவது. நோய் பெரிதாயிருந்தும் கடமை செய்ய வல்லார் உளர். சிறு நோயும் சிலர் கடமையின் வேரை அறுத்துவிடும். எழுதுவினைஞர் ஒருவருக்கு என்னுடைய குரற்கேடு பெருந்தடை ஆகாது. தமிழாசிரியனுக்கு அதுவே முழுத் தடை.

அடுத்தது கடதாசிப் படலம். மனு அதிபர் வாயிலாக வலயக் கல்விப் பணிப்பாளருக்குச் செல்லுதல் வேண்டும். அங்கே உள்ள தனிப்பட்ட கோவையில் நியமனக் கடிதம், சேவையில் உறுதிப்படுத்திய கடிதம், இடமாற்றக் கடிதங்கள், பதவி உயர்வுக் கடிதங்கள், சம்பள ஏற்றங்கள், எடுத்த விடுமுறைக் கணக்கு ஆகிய யாவும் இடைவெளியின்றி இருத்தல் வேண்டும். சம்பளமற்ற விடுமுறை இருப்பின் அது சேவைக் காலத்தைப் பாதிக்கலாம். தீராத கடன் இருப்பின் அதுவும் கணக்கில் வரும். விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய இலக்கமும் வேண்டும். இது 1898ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தினால் உண்டான பழைய நிதி. நமக்குப் பின் நம் குடும்பத்தைக் காப்பது. மாதந்தோறும் சம்பளத்திற் கழிக்கின்றனர் என்பதை மட்டும் அறிந்து, தம் இலக்கத்தை அறியாத ஆசிரியர் பலர்.

என் கோவையிலே முதல் நியமனக் கடிதத்தின் பிரதி இல்லை. யான் 1994இல் நியமனம் பெற்றேன். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் யாவரும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, யாமும் மழையில் நடந்தோம். அந்த நாட்களில் வீடுகளும் அழிந்தன, அலுவலகக் கோவைகளும் சிதறின. வடக்கிலே நம் தலைமுறை ஆசிரியர் பலருக்குச் சேவைப் பதிவில் ஒரு பொத்தல் இருப்பது இதனாலேதான். என் மனைவியிடம் கூறி நொந்துகொண்டேன். அவர் ஒன்றும் பேசாது உள்ளே சென்று, பழைய றங்குப்பெட்டியின் அடியிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்து வந்தார். நியமனக் கடிதம் அதனுள் இருந்தது. மடித்த இடங்கள் கிழிந்து, ஓரம் நீர்க்கறை படிந்திருந்தது.

“அம்மா அண்டைக்குத் தன்ரை நகையோடை சேர்த்து மடியிலை கட்டிக்கொண்டு வந்தவ. நீங்கள் உங்கடை புத்தகங்களைத் தானே தூக்கினீங்கள்?”

மெய்யே. யான் தூக்கிய புத்தகங்களிற் பாதியைக் கைதடிப் பக்கத்திலே தெருவோரம் விட்டுவிட்டேன். எழுத்துக் கூட்டி வாசிக்க மட்டுமே அறிந்த என் தாயார் எந்தக் கடதாசி வேண்டும் என்பதை அறிந்திருந்தார்.

வைத்திய சபையின் முன் செல்லும் நாளும் வந்தது. மேசைக்கு அப்பால் மூன்று வைத்தியர்கள். நடுவில் இருந்தவர் என் அறிக்கைகளைப் பார்த்துவிட்டு, வகுப்பிலே பேசுவது போல் ஏதாவது பேசுமாறு கேட்டார். அங்கே ஒரு விந்தை நிகழ்ந்தது. யான் இயலாதவன் என்று நிறுவச் சென்றவன். ஆனால் ‘பேசுக’ என்றதும் முப்பது ஆண்டுப் பழக்கம் எழுந்து நின்றது. நெஞ்சை நிமிர்த்தி, மூச்சை இழுத்து, உள்ள வலியெல்லாம் கூட்டி, யாப்பிலக்கணத்தில் அசை என்பது யாது என்று விளக்கத் தொடங்கினேன். குரல் கரகரத்தாலும் சொற்கள் தெளிவாகவே வந்தன. நன்றாகப் பேசிவிட வேண்டும் என்ற ஆசை, ஓய்வூதியம் வேண்டும் என்ற தேவையைத் தோற்கடித்துக்கொண்டிருந்தது. வைத்தியர் கையைக் காட்டவில்லை, பேசவிட்டார். நேரசை நிரையசை என்று வருமுன் குரல் மெலிந்தது. பின்னர் காற்று மட்டும் வந்தது. இருமினேன். அவர் தண்ணீர் தரச் சொன்னார்.

“ஐயா, இப்பிடி ஒரு நாளைக்கு எத்தினை தரம் பேசலாம்?”

இரண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். பின்பு உண்மையைச் சொன்னேன். “ஒருதரம். அதுக்குப் பிறகு பின்னேரம் மட்டும் வீட்டிலையும் பேச ஏலாது.”

அவர் அதனை எழுதிக்கொண்டார். என் இயலாமையை யான் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதன்முறை. தலை குனியவில்லை, மாறாகத் தோளிலிருந்து ஏதோ இறங்கியது போன்றிருந்தது.

சில மாதங்களின் பின் முடிபு வந்தது. ஆசிரிய சேவையைத் தொடர்ந்து ஆற்றத் தகுதியற்றவர் என்பது அதன் சாரம். முதலில் வாசித்தபோது ‘தகுதியற்றவர்’ என்ற ஒரு சொல்லே கண்ணிற் பட்டது. மறுமுறை வாசித்தபோதுதான், அச்சொல்லுக்கு முன்னே நிற்கும் சொற்களைக் கண்டேன். எதற்குத் தகுதியற்றவர் என்று அவை வரையறுத்திருந்தன. வாழ்வதற்கன்று, எழுதுவதற்கன்று, வகுப்பிலே உரத்துக் கற்பித்தற்கு மட்டுமே. அடைமொழி பொருளைச் சுருக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னவன், தன் வாழ்விலே அதனை மறந்திருந்தேன்.

அதன்பின் ஓய்வூதிய விண்ணப்பம் நிரப்பி, கல்வி அலுவலகம் வாயிலாக ஓய்வூதியத் திணைக்களத்துக்குச் சென்றது. இப்பொழுது மாதந்தோறும் பிரதேச செயலகத்தின் மூலம் பணம் வருகின்றது. சம்பளத்திலும் குறைவுதான். பணிக்கொடையாக ஒரு தொகையை முதலிற் பெற்றமையால், 10 ஆண்டு வரை மாத ஓய்வூதியம் குறைந்தே வரும். சிக்கனமாக வாழக் கற்றுக்கொள்கின்றோம்.

இளைய ஆசிரியர்களுக்கு ஒன்றிரண்டு சொல்ல விரும்புகின்றேன். நியமனக் கடிதம் முதலாய கடதாசிகளின் பிரதிகளை இன்றே ஒரு கோவையில் இடுங்கள். அது இருக்கும் இடத்தை வீட்டார்க்கும் சொல்லுங்கள். நோய் கண்டால் மறைத்துக்கொண்டு வகுப்பில் நில்லாதீர்கள். வைத்தியரிடம் சென்ற ஒவ்வொரு நாளுக்கும் ஒரு துண்டாயினும் வைத்திருங்கள். நோய் தீருமெனில் நன்று. தீராதெனில் உங்கள் இடத்தை இன்னொருவர்க்கு விட்டுக் கொடுப்பதும் கற்பித்தலின் ஒரு பகுதியே. என் வகுப்புக்கு இப்பொழுது ஓர் இளம் ஆசிரியை வந்திருக்கின்றார். பாடசாலை மதிலோரம் சென்றபோது அவருடைய குரல் வீதிவரை கேட்டது. சிறிது பொறாமை உண்டாயிற்று என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

விறாந்தைக்கு இன்னும் ஆட்கள் வருகின்றனர். சென்ற கிழமை ஓர் ஆச்சி வந்தார். கணவர் பென்சன்காரர், காலமாகி மூன்று மாதம். விதவை ஓய்வூதியத்துக்கு ஒரு கடிதம் வேண்டும். அவருக்குக் காது மந்தம். எனக்குக் குரல் இல்லை. உடன் வந்த பேரப்பிள்ளை இருவருக்கும் நடுவே இருந்து, என் முணுமுணுப்பைக் கூவிச் சொன்னான். கடிதம் முடியும் தறுவாயில் பழைய வழக்கப்படி ‘பெருங்கருணை கூர்ந்து’ என்று கை எழுதிவிட்டது. நிறுத்தினேன். அதனை வெட்டிவிட்டு, ‘எனக்கு உரிய ஓய்வூதியத்தை’ என்று எழுதி, வாசித்துக் காட்டச் சொன்னேன்.

ஆச்சி கேட்டுவிட்டுச் சற்று அஞ்சினார். “தம்பி, இப்பிடி எழுதினால் பெரியவை கோவிக்க மாட்டினமே?”

இல்லையென்று தலையசைத்தேன். அவர் கையொப்பம் இட்டார்.